பதினாலு நாள் இலவசம்

முதலில் நம்ம சர்க்கார் தளத்தில்தான் தேடினேன்.
மாவட்டம் ஈரோடு, வட்டம் பெருந்துறை,
கிராமம் கருக்கவலசு.
புல எண் கேட்டது.
தொண்ணூத்தி ஒண்ணில் காலனியில் கொடுத்த
மூணு சென்ட்டின் எண்ணைப் போட்டேன்.
வில்லங்கம் ஏதுமில்லை என்று வந்தது.
அதற்கு முன்னால்
நாங்களே ஏதுமில்லை.

வெளிநாட்டுத் தளம் வாங்க வாங்க என்றது.
உங்கள் கதையைக் கண்டுபிடியுங்கள்,
பதினாலு நாள் இலவசம்,
அட்டை எண்ணை மட்டும் கொடுத்து வையுங்கள்.
என் அட்டையை அதற்குப் பிடிக்கவில்லை.
கணக்குப் பிரிவு திலகமணி தன்னுடையதைத் தந்தாள்:
"பதிமூணாம் நாளே நிறுத்திப்போடோணும்.
மாசம் ரெண்டாயிரத்து நானூறு.
எங்கூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா
நானும் உங்க மரத்துல ஏறிக்க வேண்டியதுதான்."

நஞ்சான் என்று அடித்தேன்.
நீங்கள் தேடுவது நான்சியா என்று கேட்டது.
ஸ்காட்லாந்தில் ஞானஸ்நானம் பெற்ற
நாலாயிரத்துச் சொச்சம் நான்சிகளைக் காட்டியது.
எழுத்து நிச்சயமில்லாத இடத்தில்
நட்சத்திரம் போடலாம் என்றது உதவிக் குறிப்பு.
போட்டேன்.
நட்சத்திரம், ஞ், நட்சத்திரம், ன்.
கடைசியில் அவன் பெயரில்
எழுத்தைவிட நட்சத்திரம் அதிகமாகிவிட்டது.

அப்பனுடைய தாத்தனுக்குப் பெரியப்பன் அவன்.
தாது வருஷப் பஞ்சத்தில்
பண்ணையத்துக் கிணற்றில் விழுந்து செத்தான் என்பது
எங்கள் வீட்டில் கிடைக்கும் ஒரே ஆவணம்.
கிணற்றில் தண்ணி இருந்ததா என்று
யாரும் கேட்டதில்லை.
ஆடி அமாவாசைக்கு அவனுக்கும் ஒரு இலை விழும்.

ஒன்பதாம் நாள், இரவு ஷிஃப்ட்.
ஹாம்பர்க் சரக்குக்கு பேக்கிங் லிஸ்ட் போட்டுக்கொண்டிருந்தேன்.
பெட்டி எண், அளவு, நிறம், எடை, குறை.
பக்கத்து ஜன்னலில்
இன்னொரு லிஸ்ட் திறந்தது.
எண். பெயர்: நுன்ஜன். தகப்பன்: காலன்.
வயது இருபத்திரண்டு. உயரம் ஐந்தடி இரண்டு.
தாலுக்கா பெரிந்தோரி, ஊர் கர்காவல்சூ.
அடையாளம்: இடது முட்டியில் தீக்காயம்.
மதராஸில் ஏற்றியது, நேட்டாலில் இறக்கியது.

பன்னிரண்டு வருஷமாக இதே வேலை பார்க்கிறேன்.
சொல்கிறேன், நல்ல லிஸ்ட் அது.
கோடு கோணவில்லை, அடித்தல் திருத்தல் இல்லை,
ஏற்றியதும் இறக்கியதும் தனித்தனியாகக் கூட்டி,
வழியில் குறைந்த ஏழைச் சிவப்பு மையில் கழித்திருந்தான்.
அந்தக் குமாஸ்தாவின் கையைப் பிடித்துக்
குலுக்கவும் தோன்றியது.
ஒடிக்கவும்.

கீழே சின்ன எழுத்தில்:
இவர் இன்னொருவரின் மரத்திலும் இருக்கிறார்.
ரொவீனா நன்ஜன், டர்பன்.
நஞ்சான் அங்கே குடும்பப் பெயராகியிருந்தான்.
அவளுக்கு ஒரு வரி எழுத வேண்டுமென்றால்
மேல்நிலைச் சந்தா.

ஞாயிற்றுக்கிழமை அப்பனிடம் சொன்னேன்.
சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர்
கப்பலைக் கேட்கவில்லை, டர்பனைக் கேட்கவில்லை.
பெடலை நாலு சுத்துச் சுத்திவிட்டு,
"அங்க போயிச் சோறு கெடச்சுதாமா?" என்றார்.

அந்தப் பத்தி லிஸ்டில் இல்லை.
வலமிருந்து இடமாக, மேலிருந்து கீழாக
மறுபடியும் பார்த்தேன். இல்லை.

பதிமூணாம் நாள் ராத்திரி பதினொன்று நாற்பது.
நிறுத்து என்பதை நாலு இடத்தில் ஒளித்துவைத்திருந்தார்கள்.
எங்களைவிட்டு ஏன் போகிறீர்கள் என்று கேட்டது.
விலை அதிகம்.
தேடியது கிடைக்கவில்லை.
தேடியது கிடைத்துவிட்டது.
மூன்றின் மேலும் சுட்டியை வைத்து எடுத்தேன்.
மற்றவை என்பதை அழுத்தினேன்.
இருநூறு எழுத்துக்குள் சொல்லச் சொன்னது.
அப்பன் கேட்டதை அப்படியே
தமிழில் அடித்து அனுப்பினேன்.

கருத்துக்கு நன்றி என்றது.
அதைப் படமெடுத்துத் திலகமணிக்குப் போட்டேன்.
தூங்காமல்தான் இருந்திருக்கிறாள்.
"பணம் போகலயில்ல?"